எரிபொருள் தட்டுப்பாடும் அச்சக் கொள்வனவும்: சுமை யாருடைய தோளில்?

எரிபொருள் நிரப்பு நிலையம் ஒன்றின் முன்னால் வழமைக்கு மாறாகப் பத்து மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்பதைக் காணும் பதினோராவது நபர் என்ன செய்வார்? காரணம் யாதென விசாரிப்பதற்கு முன்னரே அவரும் வரிசையின் கடைசியில் தமது வண்டியை நிறுத்திவிடுவார். வண்டியில் மூன்று நாட்களுக்குப் போதுமான பெற்றோல் இருப்பதை அவர் அறிவார். எனினும், நாளை என்னவாகும் என்பதை அவர் அறியார். 2022 ஆம் ஆண்டின் நீண்ட இரவுகளை வீதியோரத்தில் கழித்த ஒருவரிடம் "அவசரப்படாதீர்கள், எல்லாம் கையிருப்பில் உண்டு" என்று கூறினால் அவர் நம்பத் தயங்குவதில் வியப்பேதுமில்லை.

எரிபொருள் தட்டுப்பாடு என்பது வேறு. எரிபொருள் கிடைக்காமற் போய்விடுமோ என்ற அச்சத்தினால் மக்கள் முண்டியடித்துக் கொள்வனவு செய்வது வேறு. முன்னையது டொலரோடும் கப்பலோடும் சம்பந்தப்பட்டது. பின்னையது நம்பிக்கையோடு சம்பந்தப்பட்டது. இவ்விரண்டும் வீதியில் ஒரே தோற்றத்தையே காட்டுகின்றன. நீண்ட வரிசை, மூடப்பட்ட நிலையம், சினங்கொண்ட முகங்கள் என்பன இரண்டுக்கும் பொதுவானவை. ஆனால், நோய் எதுவென்று பிரித்தறியாமல் மருந்து கொடுக்க முனைவதே நமது நாட்டில் திரும்பத் திரும்ப நிகழ்ந்து வந்திருக்கிறது. ஆகவே, இவ்விரண்டும் எவ்வாறு தோன்றுகின்றன, ஒன்று மற்றொன்றை எவ்வாறு வளர்க்கிறது, இதன் சுமை இறுதியில் யாருடைய தோளில் இறங்குகிறது என்பவற்றை ஆற அமர நோக்குவது பயனுடையதெனக் கருதுகிறோம்.

மூன்று வகை வரிசைகள்

அண்மைய ஆண்டுகளில் இலங்கை கண்ட எரிபொருள் வரிசைகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, கப்பல் தாமதத்தினால் ஏற்பட்ட வரிசை. 2017 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்திற்காக வந்த பெற்றோல் தொகுதி தரம் குறைந்தது என நிராகரிக்கப்பட்டது. அதே வேளையில் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திற்கு வரவேண்டிய கப்பலும் தாமதமாகியது. நவம்பர் முதல் வாரத்தில் நாடெங்கும் நிலையங்கள் வற்றின. கப்பல் வந்து சேர்ந்த சில நாட்களில் நிலைமை சீரடைந்தது. அது உண்மையான தட்டுப்பாடு. ஆனால், குறுகிய காலத் தட்டுப்பாடு.

இரண்டாவது, 2022 ஆம் ஆண்டின் வரிசை. அதன் வேர் துறைமுகத்தில் இருக்கவில்லை, திறைசேரியில் இருந்தது. கப்பல்கள் வந்து கடலில் நங்கூரமிட்டு நின்றன. அவற்றுக்குச் செலுத்த டொலர் இருக்கவில்லை. பெப்ரவரியில் இந்தியா வழங்கிய 500 மில்லியன் டொலர் எரிபொருள் கடனுதவி சிறிது மூச்சுவிட இடமளித்தது. ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களை மீளச் செலுத்துவதை அரசாங்கம் இடைநிறுத்தியது. மே 16 ஆம் திகதி, பதவியேற்று நான்கு நாட்களேயான பிரதமர் ரணில் விக்கிரமசிங்க, நாட்டில் ஒரு நாளுக்குப் போதுமான பெற்றோலே கையிருப்பில் உள்ளதெனப் பகிரங்கமாக அறிவித்தார். ஜூன் 27 ஆம் திகதியோ, ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் வழங்கப்படும் என்ற அறிவித்தல் வெளியானது. சாதாரண வாகன உரிமையாளர் ஒருவருக்குப் பெற்றோல் கிடைப்பது மிக அரிதாகிப்போன இரு வாரங்களை நாடு அன்று கண்டது.

மூன்றாவது வகைதான் விசித்திரமானது. 2025 ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில், விநியோகத்தர்களுக்கு வழங்கப்பட்டு வந்த 3 சதவீதக் கழிவு தொடர்பாகப் பிணக்கொன்று எழுந்தது. புதிதாக எரிபொருளுக்குக் கட்டளையிடுவதில்லை என நிலைய உரிமையாளர்களின் சங்கம் அறிவித்தது. களஞ்சியங்களில் எரிபொருள் தாராளமாக இருந்தது. அரசாங்கமும் அவ்வாறே கூறியது. ஆயினும், செய்தி வெளியான சில மணித்தியாலங்களுக்குள் வரிசைகள் தோன்றிவிட்டன. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் இஸ்ரேலுக்கும் ஈரானுக்கும் இடையில் போர் மூண்டபோதும் நாட்டின் சில பகுதிகளில் இதே காட்சி அரங்கேறியது. பற்றாக்குறையாக இருந்தது பெற்றோல் அல்ல, நம்பிக்கையே.

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம்

எரிபொருள் இருக்கும்போதே நிலையம் எவ்வாறு வற்றிப்போகிறது என்ற கேள்வி பலருக்கும் எழுவதுண்டு. "பதுக்கி வைத்திருக்கிறார்கள்" என்பதே அதற்கு வழமையாகக் கிடைக்கும் பதில். பதுக்கல் நடைபெறுவதில்லை என நாம் கூறவரவில்லை. ஆனால், எவரும் பதுக்காமலேயே நிலையம் வற்றிப்போக முடியும் என்பதை ஓர் எளிய கணக்கின் மூலம் காணலாம்.

கற்பனையில் ஒரு சிறு நகரத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒரேயொரு நிலையம். அதனை நம்பி 1,200 மோட்டார் சைக்கிள்கள். ஒவ்வொன்றின் தாங்கியும் 10 லீற்றர் கொள்ளும். ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு ஒரு லீற்றர் செலவிடும். ஆகவே, நகரத்தின் அன்றாடத் தேவை 1,200 லீற்றர். 6,600 லீற்றர் கொள்ளளவுடைய பவுசர் ஒன்று வந்தால் ஐந்தரை நாட்களுக்குப் போதும். தாங்கியில் இரண்டு லீற்றர் எஞ்சியிருக்கும்போது வந்து எட்டு லீற்றர் நிரப்பிச் செல்வது மக்களின் வழக்கம் என்று வைத்துக்கொண்டால், ஒருவர் எட்டு நாட்களுக்கு ஒரு தடவை வருவார். அதாவது, நாளொன்றுக்கு 150 பேர். இரண்டு குழாய்கள், ஒருவருக்கு இரண்டு நிமிடம் எனக் கொண்டால் மணித்தியாலத்துக்கு 60 பேருக்கு வழங்கலாம். அன்றைய வேலை இரண்டரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். வரிசை என்ற பேச்சுக்கே இடமில்லை.

இப்போது ஒரு வதந்தி பரவுகிறது. "நாளை முதல் பெற்றோல் இல்லையாம்." அவ்வேளையில் தாங்கிகள் சராசரியாக அரைவாசி நிரம்பியிருக்கும் எனக் கொள்வோம். அனைவரும் முழுமையாக நிரப்பிக்கொள்ள விரும்பினால் தேவைப்படுவது 6,000 லீற்றர். ஐந்து நாட்களுக்கெனக் கொண்டுவரப்பட்ட பவுசர் ஒரே நாளில் தீர்ந்துவிடும். 1,200 பேருக்கும் வழங்கி முடிக்க 20 மணித்தியாலம் வேண்டும். வரிசை நள்ளிரவையும் தாண்டி நீளும்.

இங்கே கவனிக்க வேண்டியது, அன்றைய தினம் நகரம் மேலதிகமாக ஒரு லீற்றரைக்கூட எரிக்கவில்லை என்பதாகும். நிலத்தடித் தாங்கியில் இருந்த பெற்றோல் 1,200 சிறு தாங்கிகளுக்கு இடம்மாறியது, அவ்வளவே. ஆனால், மறுநாள் காலை வெறுமையான தாங்கியோடு வருபவர், "பெற்றோல் இல்லை" என்ற பலகையைக் காண்கிறார். வதந்தி உண்மையாகிவிட்டது. நேற்று முண்டியடித்தவர்கள் தமது முன்யோசனையை மெச்சிக்கொள்கிறார்கள். நேற்று வராதவர்கள் இனி ஒருபோதும் ஏமாறுவதில்லை எனத் தீர்மானித்துக்கொள்கிறார்கள்.

விடயம் அத்துடன் முடிவதில்லை. அடுத்த பவுசர் வந்த பின்னரும் மக்களின் பழக்கம் மாறிவிடுகிறது. எட்டு லீற்றர் குறையும்வரை காத்திருந்தவர், இரண்டு லீற்றர் குறைந்தவுடன் வரத் தொடங்குகிறார். செலவாகும் பெற்றோலின் அளவு மாறவில்லை. ஆனால், நிலையத்துக்கு வருவோரின் எண்ணிக்கை 150 இலிருந்து 600 ஆக, நான்கு மடங்காகிவிடுகிறது. இரண்டரை மணித்தியால வேலை பத்து மணித்தியால வேலையாகிறது. வரிசையைக் காண்பவர்கள் மேலும் அஞ்சுகிறார்கள். விநியோகம் வழமைக்குத் திரும்பிய பின்னரும் வரிசைகள் பல நாட்கள் நீடிப்பதற்கான காரணம் இதுவே.

அமெரிக்கச் சமூகவியலாளர் ரொபர்ட் மேர்ட்டன் 1948 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை ஒன்றில் இத்தகைய நிகழ்வுகளைத் 'தன்னைத் தானே நிறைவேற்றிக்கொள்ளும் எதிர்வுகூறல்' என அழைத்தார். நல்ல நிலையில் இருந்த வங்கியொன்று முறிந்துவிடப்போகிறது என்ற வதந்தியை நம்பி அனைவரும் தமது வைப்புப் பணத்தை மீளப்பெற விரைந்ததனால், அவ்வங்கி உண்மையாகவே முறிந்துபோவது அவர் காட்டிய உதாரணம். எரிபொருள் நிலையமும் வங்கியைப் போன்றதே. எல்லோரும் ஒரே நாளில் வரமாட்டார்கள் என்ற எதிர்பார்ப்பிலேயே இரண்டும் இயங்குகின்றன.

இது நம்மவர்களுக்கு மட்டுமே உரிய குறைபாடென எவரும் எண்ணிவிடலாகாது. 2021 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாத இறுதியில் பிரித்தானியாவிலும் இதுவே நடந்தது. பவுசர் சாரதிகளுக்கு நிலவிய பற்றாக்குறை காரணமாகச் சில நிலையங்கள் மூடப்பட்டன என்ற செய்தி வெளியானதும், அந்நாட்டின் பெருநகரங்களில் வாகனங்கள் மைல் கணக்கில் வரிசையிட்டன. களஞ்சியங்களில் எரிபொருள் இருந்தது. இருந்தும் ஒக்டோபர் முதல் வாரத்தில் இராணுவச் சாரதிகளை ஈடுபடுத்த வேண்டிய நிலை அங்கும் ஏற்பட்டது. செல்வந்த நாடு, வறிய நாடு என்ற பேதம் அச்சத்துக்குக் கிடையாது.

சுமை இறங்கும் இடம்

ஆனால், அச்சத்தின் விளைவுகளில் அந்தப் பேதம் நிச்சயமாக உண்டு. வரிசை என்பது எல்லோரையும் சமமாக நடத்தும் ஏற்பாடு எனத் தோன்றலாம். உண்மை அதுவன்று. வரிசையில் நிற்பதற்கு நேரம் வேண்டும். மாதச் சம்பளம் பெறுபவருக்கு ஒரு நாள் வரிசை என்பது ஒரு நாள் விடுமுறை. வசதி படைத்தவருக்கு அது சாரதியின் வேலை. அன்றாடம் உழைத்து உண்பவருக்கோ அது அன்றைய அடுப்பு எரியாமற் போவதாகும்.

முச்சக்கர வண்டிச் சாரதியை எடுத்துக்கொள்வோம். குத்தகைத் தவணை மாதந்தோறும் கட்டப்பட வேண்டும். வண்டி ஓடினாலும் நின்றாலும் தவணை நிற்பதில்லை. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் 92 ஒக்டேன் பெற்றோல், மார்ச்சில் 254 ரூபாவாகவும் ஏப்ரலில் 338 ரூபாவாகவும் மே மாதத்தில் 420 ரூபாவாகவும் ஜூன் மாதத்தில் 470 ரூபாவாகவும் உயர்ந்தது. இந்த விலைக்கும் கிடைக்காதபோது கறுப்புச் சந்தையில் லீற்றருக்கு ஆயிரம் ரூபாவைத் தாண்டிக் கொடுக்க நேர்ந்தது. கட்டணத்தை உயர்த்தினால் பயணி ஏறமாட்டார். உயர்த்தாவிட்டால் வீட்டுக்கு எதுவும் மிஞ்சாது. இரண்டு நாட்கள் வரிசையில் நின்று பெற்ற பெற்றோலை ஓடித் தீர்ப்பதா, வரிசையிலேயே விற்றுவிடுவதா என்று யோசிக்கும் நிலைக்குச் சிலர் தள்ளப்பட்டனர்.

மீனவர்களின் நிலை அதனிலும் மோசமானது. மன்னாரிலும் முல்லைத்தீவிலும் வாழைச்சேனையிலும் கல்முனையிலும் வெளியிணைப்பு இயந்திரம் பொருத்திய சிறு படகுகள் மண்ணெண்ணெயை நம்பியே கடலுக்குச் செல்கின்றன. 2022 இல் மண்ணெண்ணெய் இல்லாமையால் படகுகள் கரையில் கிடந்தன. விநியோகம் மீண்டபோது, ஓகஸ்ட் மாதத்தில், லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் உயர்த்தப்பட்டது. கடலில் மீன் இருந்தது. கரையில் பசி இருந்தது. இடையில் எரிபொருள் இருக்கவில்லை.

விவசாயிகளுக்கு இன்னுமொரு இடர்ப்பாடு நேர்ந்தது. பதுக்கலைத் தடுக்கும் நோக்குடன் கொள்கலன்களில் எரிபொருள் வழங்குவது கட்டுப்படுத்தப்பட்டது. நோக்கம் நியாயமானதே. ஆனால், வயலில் நிற்கும் நீரிறைக்கும் இயந்திரத்தை எவ்வாறு நிரப்பு நிலையத்துக்குக் கொண்டுவருவது? அறுவடை இயந்திரத்தை எத்தனை மைல் ஓட்டிவருவது? நகரத்தை மனதிற்கொண்டு இடப்படும் கட்டளைகள் கிராமத்தை எவ்வாறு தண்டிக்கின்றன என்பதற்கு இது ஓர் உதாரணம். பிரதேச செயலகங்கள் ஊடாக அனுமதிக் கடிதம் பெறும் ஏற்பாடுகள் செய்யப்பட்ட போதிலும், கடிதத்துக்கும் ஒரு வரிசை இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

இவை யாவற்றிலும் மேலானது உயிர். 2022 மார்ச் மாதத்தில் எரிபொருள் வரிசையில் நின்ற முதியவர்கள் இருவர் உயிரிழந்த செய்தி நாட்டை உலுக்கியது. அதன் பின்னர் அத்தகைய செய்திகள் பழகிப்போகும் அளவுக்குத் தொடர்ந்தன. ஏப்ரல் 19 ஆம் திகதி ரம்புக்கனையில் எரிபொருள் தொடர்பான ஆர்ப்பாட்டத்தின்போது பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் கொல்லப்பட்டார். மே மாதத்தில் ஹல்துமுல்லைப் பகுதியில், பிறந்து இரண்டு நாட்களேயான சிசுவொன்றை உரிய வேளையில் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல முச்சக்கர வண்டிக்குப் பெற்றோல் கிடைக்காமையால் அச்சிசு இறந்த துயரச் செய்தியைப் படித்துக் கண் கலங்காதவர்கள் இருக்க முடியாது. அன்றைய தினம் எத்தனையோ வீடுகளின் பின்புறத்தில், அவசரத் தேவை எதுவுமின்றி, கலன்களில் பெற்றோல் உறங்கிக்கொண்டிருந்திருக்கும். அதனைச் சேமித்தவர்கள் கொடியவர்கள் அல்லர், நம்மைப் போன்றவர்களே. நாம் இங்கே சிந்திக்க வேண்டிய இடம் இதுவே.

வீட்டில் பெற்றோலைச் சேமிப்பதன் ஆபத்தையும் குறிப்பிடாமல் இருக்க முடியாது. பெற்றோலின் ஆவி காற்றைவிடப் பாரமானது. அது நிலத்தோடு படர்ந்து சென்று சமையலறை அடுப்பையோ சாமிப்பட விளக்கையோ தொட்டுவிடக்கூடியது. குடிநீர்ப் போத்தல்களும் சாதாரண பிளாஸ்ரிக் கலன்களும் அதற்கென ஆக்கப்பட்டவை அல்ல. முன்னெச்சரிக்கை என எண்ணிச் செய்யப்படும் காரியம் குடும்பத்தையே எரித்துவிடக் கூடும்.

கியூ.ஆர். முறை கற்பித்த பாடம்

2022 ஏப்ரல் நடுப்பகுதியில் மோட்டார் சைக்கிளுக்கு 1,000 ரூபா, முச்சக்கர வண்டிக்கு 1,500 ரூபா, காருக்கு 5,000 ரூபா என ஒரு தடவைக்கான எல்லை விதிக்கப்பட்டது. வரிசைகள் குறையவில்லை. ஏனெனில், ஒரு நிலையத்தில் பெற்றவர் அடுத்த நிலையத்தில் மீண்டும் நின்றார். அளவைக் குறைத்தால் மக்கள் பல தடவை வருவார்கள் என்பதை மேலே போட்ட கணக்கே காட்டுகிறது. வடக்கின் சில பிரதேசங்களில் பிரதேச செயலகங்கள் ஊடாகப் பங்கீட்டு அட்டை வழங்கப்பட்டமை, நிலையத்தையும் பாவனையாளரையும் பிணைத்த முதல் முயற்சிகளுள் ஒன்றாகும்.

ஜூலை நடுப்பகுதியில் தேசிய எரிபொருள் அனுமதி முறை அறிமுகமானது. அடையாள அட்டை இலக்கத்தையும் வாகன விபரங்களையும் பதிவு செய்து கியூ.ஆர். குறியீட்டைப் பெற்றவர்களுக்கு வாராந்த அளவு ஒதுக்கப்பட்டது. மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கும் வானுக்கும் 20 லீற்றர், பஸ்ஸுக்கு 40 லீற்றர், லொறிக்கு 50 லீற்றர் என்பன ஆரம்ப ஒதுக்கீடுகள். ஓகஸ்ட் மாதத்தில் நாடெங்கும் இம்முறை நடைமுறைக்கு வந்த பின்னர், நாட்கணக்கில் நீண்ட வரிசைகள் படிப்படியாகக் கரைந்தன. 2023 செப்டெம்பர் முதலாம் திகதி வரை இம்முறை நீடித்தது.

எரிபொருள் திடீரெனப் பெருகிவிட்டதா? இல்லை. விலை உயர்வினால் பாவனை குறைந்ததும் ஒரு காரணம் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆயினும், முக்கியமான மாற்றம் வேறொன்று. முதலில் வருபவருக்கு இருந்த அனுகூலத்தை அம்முறை இல்லாதொழித்தது. திங்கட்கிழமை சென்றாலும் வியாழக்கிழமை சென்றாலும் தமக்குரிய நான்கு லீற்றர் தமக்குத்தான் என்ற உறுதி கிடைத்ததும், நள்ளிரவில் வீதியில் படுத்துறங்க வேண்டிய அவசியம் அற்றுப்போனது. குறைவாகக் கிடைப்பதை மக்கள் சகித்துக்கொள்வார்கள். கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாமலிருப்பதையே அவர்களால் சகிக்க முடிவதில்லை.

இந்த உண்மையை வடக்கு, கிழக்கு மக்கள் தொண்ணூறுகளிலேயே கண்டறிந்திருந்தனர். 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின் கீழ் யாழ்ப்பாணத்தில் பெற்றோலும் டீசலும் அரும்பொருள்களாகின. பழைய மொறிஸ் மைனர்களும் ஒஸ்டின்களும் சிறிதளவு பெற்றோலில் உயிர்பெற்று, பின் மண்ணெண்ணெயில் புகைகக்கியபடி ஓடின. ஜாம் போத்தல் விளக்கின் ஒளியில் பிள்ளைகள் படித்தார்கள். ஆசிரியரும் வைத்தியரும் எழுதுவினைஞரும் சைக்கிள் மிதித்தே கடமைக்குச் சென்றார்கள். கூட்டுறவுச் சங்கக் கடையில் குடும்ப அட்டைக்குக் கிடைத்த மண்ணெண்ணெய் ஒருபோதும் போதுமானதாக இருந்ததில்லை. ஆனால், அந்தச் சிறிய அளவைக் கொண்டு வாழ்க்கையைத் திட்டமிட மக்கள் பழகிக்கொண்டனர். அந்தத் தடையை நாம் நியாயப்படுத்தவில்லை. அது ஒரு மக்கள் கூட்டத்தின்மீது சுமத்தப்பட்ட தண்டனை. அதற்குள்ளும் மக்கள் கற்றுக்கொண்ட பாடத்தையே இங்கு நினைவூட்டுகிறோம்.

கியூ.ஆர். முறையைக் குறையற்றதெனப் போற்றவும் முடியாது. ஐந்து லீற்றரைக் கொண்டு முச்சக்கர வண்டிச் சாரதி என்ன செய்வார்? லீற்றருக்கு 25 கிலோமீற்றர் எனக் கொண்டாலும் 125 கிலோமீற்றர்தான். வாடகைக்கு ஓடுபவருக்கு அது ஒரு நாள் ஓட்டத்தைவிடச் சற்றே அதிகம். அவருக்கும், கடைத்தெருவுக்குச் செல்ல மட்டும் வண்டி வைத்திருப்பவருக்கும் ஒரே அளவு என்பது சமத்துவமாகத் தோன்றலாம், நீதியாகாது. வாடகை வண்டிகளைத் தனியே பதிவு செய்து கூடுதல் ஒதுக்கீடு வழங்கும் ஏற்பாடு பின்னரே வந்தது. கையடக்கத் தொலைபேசியைக் கையாளத் தெரியாத முதியவர்களும், வாகனப் பதிவு முன்னைய உரிமையாளரின் பெயரில் இருந்தவர்களும் பட்ட அவதி தனிக்கதை.

செய்ய வேண்டியவை

எரிபொருள் நெருக்கடி மீண்டும் வராதென எவராலும் உறுதி கூற முடியாது. இலங்கையில் எண்ணெய்க் கிணறு இல்லை. 1969 இல் இயங்கத் தொடங்கிய சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையம் நாட்டின் தேவையில் ஒரு பகுதியையே நிறைவு செய்யக்கூடியது. ஏனையவை கடல் வழியாக வந்து, கொலன்னாவையிலும் முத்துராஜவெலவிலும் களஞ்சியப்படுத்தப்பட்டு, பின் நாடெங்கும் செல்ல வேண்டும். மத்திய கிழக்கில் ஏற்படும் ஒவ்வோர் அதிர்வும் நமது வீதிவரை எட்டும். ஆகவே, மூன்று தரப்பினருக்கும் பொறுப்புண்டு.

அரசாங்கம் முதலில் செய்ய வேண்டியது உண்மையைச் சொல்வதாகும். "போதிய கையிருப்பு உண்டு" என்ற வாசகம் 2022 இல் பல தடவை கூறப்பட்டுப் பல தடவை பொய்த்தது. ஆகவே, வெறும் வாசகம் இனிப் பயன் தராது. எந்த வகை எரிபொருள் எத்தனை நாட்களுக்கு உண்டு, அடுத்த கப்பல் என்று வரும், எந்த மாவட்டத்துக்கு எத்தனை பவுசர்கள் புறப்பட்டன என்பன நெருக்கடி வேளைகளில் நாள்தோறும் மூன்று மொழிகளிலும் ஒரே நேரத்தில் வெளியிடப்பட வேண்டும். சிங்களத்தில் மாலையில் வரும் அறிவித்தல் தமிழில் மறுநாள் வருமானால், இடைப்பட்ட இரவை வதந்தி நிரப்பிவிடும். கொழும்பிலுள்ள களஞ்சியம் நிரம்பியிருப்பது பொத்துவிலில் வரிசையில் நிற்பவருக்கு ஆறுதலாகாது. தமது ஊர் நிலையத்துக்கு எப்போது வரும் என்பதே அவருக்கு வேண்டும்.

விலைத் திருத்த நடைமுறையும் கவனத்துக்குரியது. மாத இறுதியில் விலை மாறும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும்போது, உயரும் என எதிர்பார்த்தால் பாவனையாளர்கள் முதல்நாள் இரவே குவிவார்கள். குறையும் என எதிர்பார்த்தால், பழைய விலைக்கு வாங்கி நட்டமடைய விரும்பாத நிலைய உரிமையாளர்கள் கட்டளையிடுவதைத் தாமதிப்பார்கள். இரண்டும் செயற்கையான தட்டுப்பாட்டையே உண்டாக்குகின்றன. நிலையங்கள் பேண வேண்டிய குறைந்தபட்சக் கையிருப்பை வலியுறுத்துவதோடு, விலைக் குறைப்பினால் அவர்களுக்கு ஏற்படும் நட்டத்துக்கு நியாயமான தீர்வொன்றையும் காண்பது அவசியம். ஒரு பக்கம் சட்டத்தை மட்டும் நீட்டுவதால் பயனில்லை.

மூன்றாவது தரப்பினர் நாமே. வாகன உரிமையாளர் ஒருவர் செய்யக்கூடியவை எளியவை. அமைதியான நாட்களில், தாங்கி வற்றும்வரை காத்திராமல் அரைவாசியில் நிரப்பிக்கொள்ளும் பழக்கம் நல்லது. அவ்வாறு செய்பவர் வதந்தி பரவும் நாளில் வரிசைக்குச் செல்ல வேண்டியதில்லை. பரபரப்பான நாளில், மூன்று நாட்களுக்குப் போதுமான எரிபொருள் இருக்குமாயின் வரிசையில் இணையாதிருப்பதே பேருதவி. அந்த இடம் வெறுமையான தாங்கியோடு வரும் ஒருவருக்குக் கிடைக்கும். "எனக்குத் தெரிந்த ஒருவர் கூறினார்" என்று தொடங்கும் குறுந்தகவலை நாற்பது பேருக்கு அனுப்புவதற்கு முன்னர் ஒரு நிமிடம் யோசிக்கலாம். ஒரே திசையில் பயணிக்கும் அயலவர்கள் ஒரே வாகனத்தில் செல்லலாம். வரிசையில் நிற்க நேர்ந்தால் இயந்திரத்தை நிறுத்திவிடலாம். பெற்றோலுக்காகக் காத்திருந்து பெற்றோலை எரிப்பதில் பொருளில்லை.

தேவைக்கு மேல் பதுக்கிவைத்து மற்றவரைத் தவிக்கவிடுவதை இஸ்லாம் வன்மையாகக் கண்டிக்கிறது. பகுத்துண்ணும் வாழ்வைத் தமிழர் அறம் தலையாயதாகப் போற்றுகிறது. 2022 இல் ஏப்ரல் புத்தாண்டும் றமழான் நோன்பும் ஒரே மாதத்தில் வந்தன. ஹஜ்ஜுப் பெருநாளோ அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என அறிவிக்கப்பட்ட காலத்தின் இறுதி நாளான ஜூலை 10 ஆம் திகதி வந்தது. நோன்பு நோற்றவரும் புத்தாண்டுக்குப் புத்தாடை வாங்க வழியற்றவரும் ஒரே வரிசையில் ஒருவர்பின் ஒருவராக நின்றார்கள். ஒருவர் தொழுகைக்குச் சென்றபோது அவரது வண்டியை மற்றவர் தள்ளி நகர்த்தினார். தாகித்தவருக்குத் தண்ணீர்ப் போத்தல் கைமாறியது. கைகலப்புகளும் கத்திக்குத்துகளும் செய்தியாகின, இவை செய்தியாகவில்லை.

வரிசையில் நமக்கு முன்னால் நிற்பவர் நமது பங்கைப் பறிக்க வந்தவர் என எண்ணும்போது அச்சம் வளர்கிறது. அவரும் நம்மைப் போலவே பிள்ளையைப் பாடசாலைக்கும் தாயை வைத்தியசாலைக்கும் கொண்டுசெல்ல வேண்டியவர் என எண்ணும்போது அது தணிகிறது. கப்பலை வரவழைப்பது அரசாங்கத்தின் கடமை. வந்த எரிபொருள் அவசரத் தேவையுடையவரைச் சென்றடைய வழிவிடுவது நமது கடமை. ஹல்துமுல்லையில் இறந்த அந்தச் சிசுவுக்குத் தேவைப்பட்டது ஒரு பவுசர் அன்று. ஓரிரு லீற்றர் மட்டுமே. அடுத்த தடவை வதந்தியொன்று நமது கைத்தொலைபேசிக்கு வந்து சேரும்போது, தாங்கியின் அளவுமானியைப் பார்ப்பதற்கு முன்னர் அதனை ஒரு கணம் நினைவுகூர்வோமாக.